நித்யா சொன்ன காரணம்

என்னங்க,

இன்று காலை கட்டிலுக்கு அடியில் பெருக்கியபோது ஒரு பட அட்டை கிடைத்தது. பனியில் செய்த பொம்மை, கழுத்தில் துண்டு, மூக்குக்கு ஒரு கேரட். உங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், வீட்டில் பழக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிய அட்டைகளில் ஒன்று. "இது என்னன்னு சொல்லுங்க" என்று நான் நீட்டினேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், பிறகு நல்லாயிருந்த இடது கையால் தட்டிவிட்டீர்கள். மந்தவெளியில் பிறந்து வளர்ந்தவர் பனியை எங்கே கண்டீர்கள்? இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கூவிய கண்டக்டர் நீங்கள். பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. ஏதோ கேட்க வாய் திறப்பீர்கள், வார்த்தை தொண்டையிலேயே நிற்கும். நான் பதறிப்போய் எடுத்துக்கொடுப்பேன். "தண்ணியா? காப்பியா? ஃபேன் போடணுமா?" ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்து, கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவீர்கள்.

நம் பெண் நித்யா அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நைனா, வண்டி கோயில் குளத்தாண்ட நிக்குது. அடுத்த ஸ்டாப்பு இன்னா?"

உங்கள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வழக்கம்போல நான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்காமலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். தெருவில் இளநீர் வண்டிக்காரர் கூவிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மந்தவெளி" என்றீர்கள்.

தெளிவாக, பழைய குரலில். பிறகு கிரீன்வேஸ் ரோடு, அடையார் டெப்போ. அதோடு நிற்காமல், "சில்லறையா குடு" என்றும் சொன்னீர்கள். "பாரும்மா, பெத்த பொண்ணு கிட்டயே சில்லறை கேக்குது" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன்.

அதன் பிறகு தினமும் மாலையில் உங்கள் வண்டி ஓடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுவார்கள், எந்தக் கடை இருக்கும் என்று கேட்டுக் கேட்டு அவள் வார்த்தைகளை இறக்கினாள். என் பெயர் மட்டும் வரவே இல்லை. ஒருநாள், "மந்தவெளியில யார் நைனா ஏறுவாங்க?" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் தி.நகர் தையல்கடைக்குப் போக நான் உங்கள் வண்டியில் ஏறிய நிறுத்தம் அதுதான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தேடினீர்கள். "செல்வி" என்றீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு நான் அப்படி வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. அந்த முறை நீங்கள் திரும்பவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நித்யா, பேச்சுப் பயிற்சிப் படிப்புதான் படிப்பேன் என்றாள். அதுவும் ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விண்ணப்பித்தாள். வெளிமாநிலத்தில் பெயர் பெற்ற இடம் இருக்கிறது, அதற்கும் போடு என்று அவளுடைய டீச்சர் எவ்வளவோ சொன்னார். "போய்ப் பாத்துட்டு வந்தேன்மா. அங்கதான்" என்றாள். வேறு பேச்சில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மற்ற பிள்ளைகள் பெசன்ட் நகர் கடற்கரையில் சுற்றிய வயதில் இவள் உங்கள் கட்டிலருகில் இருந்தாள். அந்தத் துக்கம்தான் இவளைப் பிடித்து இழுக்கிறது, ஆயுசுக்கும் ஒரு நோயாளியின் பக்கத்திலேயே இருந்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். தைக்க உட்கார்ந்தால் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

நேர்முகத் தேர்வில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். தலைநரைத்த ஒரு மேடம் கேட்டார்: "இந்த யுனிவர்சிட்டிக்கு ஏம்மா அப்ளை பண்ணின?"

நித்யா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அவங்க அப்பாவுக்குப் பேச்சு போயிடுச்சு மேடம், அதனாலதான்' என்று என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்க நைனாவுக்குப் பேச்சு வராம இருந்துச்சு மேடம். ஆனா அதுக்காக வரல" என்றாள். "அவர் கூட உக்காந்திருந்தது எனக்குப் புடிச்சிருந்தது. ஒரு வார்த்தை எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுறது. ஸ்கூல்ல வேற எதுவும் எனக்கு அப்படிப் புடிச்சதில்ல. இங்க ஒருநாள் சுத்திப் பாக்க வந்தேன். ஒரு அக்கா, மீன் வித்த ஒரு அம்மாவுக்குப் பேச்சு வர வெச்சிக்கினு இருந்தாங்க. மீன் வாங்க வந்தவங்க மாதிரி, வஞ்சிரம் இந்த வெலையான்னு சண்டை போட்டாங்க. அந்த அம்மா, அஞ்சாறு வார்த்தைதான், திருப்பி நல்லா திட்டினாங்க. அந்த அக்கா முதல் வருசமாம். மத்த எடத்துல மூணாவது வருசம்தான் ஆளுங்க கிட்டயே விடுவாங்களாம். எனக்கு அவ்ளோ நாள் பொறுக்காது மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் மெதுவாகக் கேட்டேன். "அந்த வருசம் உனக்குக் கஷ்டமா இல்லயா?"

ஜன்னலோரம் இருந்தவள் திரும்பி என்னை வினோதமாகப் பார்த்தாள். "நைனா செத்ததுதாம்மா கஷ்டம். அதுக்கு முன்னாடி இருந்தது கஷ்டமில்ல."

நெஞ்சில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனது. நம் பெண் உங்களைச் சுமக்கவில்லை. உங்களோடு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் படுத்தேன். அவள் காப்பி போட்டு எழுப்பும்வரை தூங்கினேன்.

இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது.

நேற்று மாட வீதியிலிருந்து ஒரு வயதான அம்மாள் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தார். கழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வந்து, வார்த்தை கிடைக்காமல் விரலால் காற்றில் வரைந்துகொண்டு நின்றார். அவர் கேட்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.