கோழி வளர்ப்பு அலமாரி

19 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

வேணி தேர்தலில் நிற்கிறாளாம்!

காலையில் யாங்கோனின் லான்மடா பகுதிக்கு வந்து ஜமாஅத் படிப்பகத்தைத் திறந்தேன். விளக்குமாற்றைக்கூடக் கையில் எடுக்கவில்லை, போன் அடித்தது. அயோவாவில் அவள் இருக்கும் சின்ன ஊரின் நகரசபைக்கு நிற்கப் போகிறாளாம். அம்சவேணி! அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாசாமி மாமாவின் மகள். முப்பது வருஷத்துக்கு முன்னால் கல்லூரி நூலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி. வாசகர்கள் சத்தம் போட்டால் அதட்டுவதற்குக்கூட என்னைத்தான் கிள்ளிவிடுவாள்.

உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். அவள் இருபது வருஷமாக வேலை பார்க்கும் கிளை நூலகத்தை மூடப் பார்க்கிறார்களாம். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் பர்மாக்காரர்களின் பிள்ளைகள், கரேன் இனமும் சின் இனமும், பள்ளி விட்டதும் அங்கேதான் வந்து உட்காருகிறார்களாம். நகரசபையில் மூட வேண்டும் என்கிறவர்களும் கூடாது என்கிறவர்களும் சரிக்குச் சரி.

"புத்தகம் கொடுக்கிற மேஜையில உட்கார்ந்து நான் என்ன செய்யட்டும் சாயி? ஓட்டுப் போடற மேஜை வேற இடத்துல இருக்கு."

ஜெயித்தால் வேலையை விட வேண்டும் என்பது அங்கே விதி. இவள் நிற்கும்போதே விட்டுவிட்டாள். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாதாம். அந்த நாட்டில் நூலகர்கள் தேர்தலில் நின்று நாடாளுமன்றம் வரைக்கும் போயிருக்கிறார்களாம். இங்கே நூலகர் போனால் ஏணியின் மேல்படி வரைக்கும் போவார், தூசி தட்ட. சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறாமையும்.

24 ஆகஸ்ட்

வேணிக்காகத் தொழுகையில் துஆ செய்தேன். அங்கே துஆவுக்கு ஓட்டுரிமை உண்டா என்று மகள் மெஹ்ரீன் கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் பேச்சைப் பார்.

14 செப்டம்பர், ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மதியம் கரண்ட் வந்ததும் மெஹ்ரீன் வி.பி.என். போட்டு வேணியின் கூட்டத்து வீடியோவைக் காட்டினாள். நீலக் கோட்டு, குட்டை முடி, நல்ல இங்கிலீஷ். அந்த ஊரிலும் சில புத்தகங்களை எடுக்கச் சொல்லிச் சண்டையாம். அதற்குப் பதிலாகத் தன் இளமைக் கதையைச் சொன்னாள். யாங்கோனில் ஒரு நூலகம். சில புத்தகங்களைக் கழித்துக் கட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. "நான் அவற்றின் முதுகில் கோழி வளர்ப்பு நூல்களுக்கான வரிசை எண்ணை ஒட்டி, கோழி வளர்ப்பு அலமாரியில் வைத்துவிட்டேன்," என்றாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

நான்!

அந்த எண்ணைத் தட்டச்சு செய்தவள் நான். பழைய சீட்டைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்ததும் நான். புத்தகத்தைப் பெட்டியில் பூட்டினால் தேடுவார்கள், தப்பான எண் போட்டு எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தால் ஒருவரும் தேட மாட்டார்கள் என்று யோசித்ததும் நான்தான். வரலாற்றையும் அரசியலையும் கோழிகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்ததும் நான்! வேணி பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

"உம்மா, இது நீங்க சொன்ன கதையில்லே?" என்று மெஹ்ரீன் கேட்டாள். இந்தப் பெண் மனசு கொதித்தால்தான் தமிழில் முழு வாக்கியம் பேசுவாள்.

அடிப்பாவி வேணி. என்னிடம் இருப்பதே அந்த ஒன்றுதானே.

21 செப்டம்பர்

வேணி கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, மழை எப்படி, கரண்ட் எப்படி. கதையைப் பற்றி மூச்சே விடவில்லை. நானும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும்.

10 அக்டோபர், வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து படிப்பகத்தில் நல்ல கூட்டம். அந்த நேரத்தில் போனில் ஒரு செய்தி வந்திருக்கிறது. வேணி ஊர்ப் பத்திரிகைக்காரப் பெண் எழுதியிருக்கிறாள். நான் எப்போதோ முகநூலில் போட்ட பழைய படத்தில், இரண்டு பேரும் நூலக வாசலில் நிற்கிற படத்தில், என் பெயரைப் பார்த்துத் தேடிப் பிடித்திருக்கிறாள். எதிர்த்து நிற்கிறவரின் ஆட்கள் வேணியின் கதை கட்டுக்கதை என்கிறார்களாம். கேள்வி ஒன்றுதான். புத்தகங்களை மறைத்தது வேணிதானா?

இல்லை என்றால் வேணி கவிழ்ந்துவிடுவாள். ஆமாம் என்றால் நான் பொய்சொல்லி. பேசாமல் இருந்துவிடலாமா? கேள்வியோடு வந்தவருக்குத் தெரிந்தே தப்பான பதிலை நான் கொடுத்ததில்லை. இத்தனை வருஷத்தில் நான் கட்டிக் காத்தது அந்த ஒன்றைத்தான்.

11 அக்டோபர்

வேணி இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை? கோபம். எடுத்தால் அழுவாள், அவள் அழுதால் நான் இளகிவிடுவேன்.

மெஹ்ரீன் கேட்டேவிட்டாள்: "உங்க கதையை இன்னொருத்தங்க சொல்லிக் கைதட்டு வாங்குறாங்க. நீங்க ஏன் சும்மா இருக்கீங்க?"

12 அக்டோபர், ஞாயிறு

அனுப்பிவிட்டேன். 'இல்லை. அதைச் செய்தவள் நான். என் பெயரைப் போட வேண்டாம்.' அவ்வளவுதான் எழுதினேன்.

பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

15 அக்டோபர், புதன்

பத்திரிகையில் வந்துவிட்டது. யாங்கோனில் இருக்கும், பெயர் சொல்ல விரும்பாத ஒரு முன்னாள் சக ஊழியர் மறுக்கிறாராம். அந்த ஒருத்தி நான்.

வேணி கூப்பிட்டாள். இந்த முறை எடுத்தேன். திட்டுவாள் என்று நானும் பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"முதல் கூட்டத்துல 'என் தோழி'ன்னுதான் சொன்னேன் சாயி. யாரு அந்தத் தோழி, இப்ப எங்க இருக்காங்கன்னு ஒருத்தர் எழுந்து கேட்டாரு. நான் பேச்சை மாத்திட்டேன். அங்க நீ இருக்கே, மெஹ்ரீன் இருக்கா. ஊரு பேரு கேட்டு நோண்டிக்கிட்டே இருப்பாங்க. அடுத்த கூட்டத்துல 'நான்'னு சொல்லிட்டேன். அதுக்கு மேல யாரும் கேட்கல."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன்.

"நீதானே அந்தக் கதையைப் போன்ல எடுக்கவே கூடாதுன்னு சொன்னே."

சொன்னேன். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் போனை வாங்கிப் பார்க்கிற ஊர் இது. அதனால் பழையதைப் பேசாதே, எழுதாதே, படம் அனுப்பாதே என்று அவளிடம் சத்தியமே வாங்கியிருக்கிறேன். அவள் அதைக் காப்பாற்றினாள். நான் புத்தகங்களுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்திருக்கிறாள். என் மேல் தன் பெயரை ஒட்டி எல்லார் கண் முன்னாலும் வைத்துவிட்டாள். ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. அதைப் புரிந்துகொள்ள வேண்டியவள் நான் ஒருத்திதான். அன்று புத்தகங்களைத் தேடி வந்தவர்களைப் போல நானும் கோழி அலமாரியைப் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டேன்.

17 அக்டோபர்

தூக்கம் கெட்டுப்போய் ஒன்று நினைவுக்கு வருகிறது.

அன்று உத்தரவுப்படி கழித்தாயிற்றா என்று நூலகத்தில் சோதனைக்கு வந்தவர்கள் முதலில் வேணியிடம்தான் நின்றார்கள். நான் உள்ளே அலமாரிக்குப் பின்னால். அந்தப் புத்தகங்கள் எங்கே என்று அவளைக் கேட்டார்கள். கழித்தாகிவிட்டது சயா என்று மரியாதையாகச் சொன்னாள் வேணி. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, குரல் பிசகாமல். பிறகு அவர்களை ஒவ்வொரு அலமாரியாக அழைத்துப்போய்க் காட்டினாள், லபெயே தேநீர் வாங்கி வந்து கொடுத்தாள். பிடிபட்டிருந்தால் முதலில் சிறைக்குப் போயிருக்கக்கூடியவள் அவள். அன்று அவளுக்கு வயது இருபத்திரண்டோ மூன்றோ.

பசைக் கிண்ணம் பிடித்தாள், அவ்வளவுதான் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். சீ.

20 அக்டோபர், திங்கள்

பத்திரிகைக்காரிக்கு எல்லாவற்றையும் விரிவாக எழுதினேன். எண் ஒட்டியது நான், ஆனால் எதிரே நின்று பதில் சொன்னது அவள், என் பெயரைச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் 'நான்' என்றாள் என்று.

மரியாதையாகத்தான் பதில் போட்டிருக்கிறாள். முதலில் மறுத்தவரும் பெயர் இல்லாதவர், இப்போது ஆதரிப்பவரும் பெயர் இல்லாதவர் என்றால் வாசகர் எதை நம்புவார்? பெயரையும் படத்தையும் போட அனுமதி கொடுத்தால் முதல் பக்கத்தில் வெளியிடுவார்களாம். தேர்தலுக்கு முன்னால் என்றால் இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

வேணியும் ஒரு கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அது என் தோழி செய்தது, பெயரைச் சொல்ல மாட்டேன் என்று. மாட்டிக்கொண்ட பிறகு கண்டுபிடித்த தோழி என்று ஒருவர் சொன்னாராம். சிரித்தார்களாம்.

22 அக்டோபர்

மெஹ்ரீன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பேரு குடுக்காதீங்க உம்மா. இது 95-ஓ 96-ஓ இல்ல. இங்கேயும் எலெக்‌ஷன் வருது. யாரு என்ன பேசினாங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்காங்க. படிப்பகத்துக்கு வந்து கேட்டா ஜமாஅத்துல உங்களுக்காக யாரு பேசுவாங்க? நான் ஸ்கூல்ல என்ன சொல்லுவேன்?"

பத்து நாளைக்கு முன்னால் நீதானே ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்டாய் என்றேன்.

"அப்ப எனக்கு வயிறு எரிஞ்சது. இப்ப பயமா இருக்கு."

எனக்கும்தான் என்று சொன்னேன். அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்து வருஷங்கள் ஆயிற்று. இன்று படுத்தாள்.

24 அக்டோபர், வெள்ளி

வேணியிடம் கேட்டேன். நீ சொன்னால் பெயரைக் கொடுக்கிறேன் என்றேன். நீ சொன்னால் என்று ஏன் அவள் தலையில் கட்டினேன்? அவள் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான்.

வேண்டாம் என்றாள். அதற்கு முன்னால் மெஹ்ரீன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

26 அக்டோபர்

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதவில்லை. வாரம் முடிந்தது.

என்ன பெண் நான்? செய்தவள் நான் என்று பெயர் வாங்கத்தானே முதலில் எழுதினேன். பெயர் போடாதே என்றும் நானே எழுதினேன். இப்போது பெயரைக் கேட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். நான் கதவுக்குப் பின்னால்.

5 நவம்பர், புதன்

தோற்றுவிட்டாள். கொஞ்சம் ஓட்டில்தான்.

காலையில் படிப்பகத்தில் இருந்தபோது செய்தி வந்தது. பேப்பர் படிக்க வந்த லத்தீபா ஏன் சயாமா, உங்கள் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றேன். வேணிக்குப் போன் செய்தேன். பரவாயில்லை சாயி, பரவாயில்லை என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அவளுக்கு இப்போது பதவியும் இல்லை, வேலையும் இல்லை. போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். கடவுளே, என் வாயை நான் மூடிக்கொண்டிருக்கக் கூடாதா, இல்லை முழுதாகத் திறந்திருக்கக் கூடாதா?

3 டிசம்பர்

வேணி ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பெட்டியில் நிற்கிறாள். கால் வலிக்கிறதாம்.

11 ஜனவரி 2026

புது நகரசபை உட்கார்ந்துவிட்டது. நூலகப் பேச்சைப் பட்ஜெட்டோடு எடுப்பார்களாம். வேணி ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ப் பின்வரிசையில் உட்காருகிறாள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து பேசுகிறாள். பழைய கதையை யாரும் எடுப்பதில்லை, இவளும் எடுப்பதில்லை.

10 மார்ச், செவ்வாய்

நோன்பு. பஸ்ஸில் நின்றுகொண்டே தின்கன்ஜூன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கரண்ட் இருந்தது. கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு வேணிக்குப் போன் செய்தேன். அவர்கள் ஊர்க் கணக்கில் நேற்றிரவு ஓட்டெடுப்பு.

நாலுக்கு மூன்று. நூலகத்தை மூடுகிறார்கள். அந்த நாலாவது ஓட்டு, வேணி உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில் இருந்து விழுந்தது.

அவள் அதைச் சொல்லவில்லை. யார் யார் எப்படிப் போட்டார்கள் என்று வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள், அந்தப் பெயர் வந்தபோது நான் புரிந்துகொண்டேன். கூட்டத்துக்கு யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி, கரேன் பிள்ளை, இனிமேல் பள்ளி விட்டு எங்கே போவது என்று கேட்டாளாம். பர்மியத்தில் கேட்டாளாம். வேணி என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மன்னித்துக்கொள் என்றேன். இத்தனை மாதமாக வாயில் வராத சொல். அதில் மன்னிக்க என்ன இருக்கிறது, உன்னைக் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொன்னாய் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அடித்திருந்தால் தேவலை.

அப்புறம், அடுத்த தேர்தலில் மறுபடி நிற்கப் போவதாகச் சொன்னாள். மூடியதைத் திறக்க வைக்க முடியுமா என்று பார்க்கிறாளாம். "முதல் கூட்டத்துலயே அந்தக் கதையைச் சரியா சொல்லிடணும் சாயி. இந்தத் தடவை உன் பேரைச் சொல்லட்டுமா?"

கூடத்தில் மெஹ்ரீன் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனா நின்றது. அவளுக்கு எல்லாம் கேட்கிறது.

வேண்டாம் என்றேன். உன் கதையாகவே சொல்லிக்கொள், நான் யாரிடமும் மறுக்க மாட்டேன் என்றேன்.

"அது முடியாது. என்னுது இல்லன்னு கூட்டத்துல நானே சொல்லியாச்சு. இனிமே அதை நானும் சொல்ல முடியாது, நீயும் சொல்ல மாட்டே," என்றாள் வேணி. "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு வச்சுக்கலாம்."

சரி என்றேன்.

கஞ்சியில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டாள். கொஞ்சம் இஞ்சி, தேங்காய்ப் பால், கறி விலை ஏறிவிட்டதால் இன்று கறி இல்லை என்று சொன்னேன்.