உன் பங்குக் கரண்டி

இன்று காலை தம்பி குசினிக்குள் ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தான். தக்கையை இன்னும் திறக்கவில்லை, அதற்குள் மணம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெய். தங்கச்சி, நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வளவின் மறுகோடிக்கு ஓடியிருப்பாய். நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. ஆனாலும் அந்த மணம் வந்ததும் என் கை தன்பாட்டில் இரண்டு கரண்டிகளை எடுத்தது.

எங்கள் ஐயா மீன்பிடி வள்ளத்துப் பலகைக்குப் பூசியதும் இதே எண்ணெய்தான். மிஞ்சியதை அம்மா எங்கள் வாயில் ஊற்றுவார். "எலும்புக்கு நல்லது, குடியுங்கோ பிள்ளையள்." நீ பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாய். "வள்ளத்துக்குப் பூசிறதை எனக்கேன் பூசிறியள்?" என்று ஒருநாள் கேட்டு அடியும் வாங்கினாய். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாய். அம்மா அந்தப்பக்கம் திரும்பியதும் உன் கரண்டியை என் வாயில் கவிழ்த்துவிடுவாய். அதற்குக் கூலியாக உன் பனங்கட்டியில் பாதி எனக்கு. கூலி தராவிட்டாலும் நான் குடித்திருப்பேன். உன் பங்கை விழுங்க என்னைத் தவிர ஊரில் ஆளில்லை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

தம்பி பிறந்து நடக்கவும் கதைக்கவும் தொடங்கியதும் அந்தப் பதவி பறிபோயிற்று. அந்த எண்ணெயைக் கேட்டு வாங்கிக் குடிக்கிற அதிசயப் பிள்ளை அவன். நீ உன் கரண்டியை அவனுக்கு ஊட்டி, பனங்கட்டியையும் முழுதாகக் கொடுத்தாய். நான் அவனைக் கிள்ளினேன். "பெரியக்கா கிள்ளிப்போட்டா" என்று அவன் கத்த, நீ அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு என்னை முறைத்தாய். அந்த முறைப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நீ கல்யாணம் முடித்த கையோடு உன் கணவர் லண்டனுக்கு வேலைக்குப் போய்விட்டார். விசாவுக்காக நீ எங்களோடு காத்திருந்த அந்த மாதங்களில்தான் உன் உடம்பெங்கும் நீலம் நீலமாகக் கன்றத் தொடங்கியது. பல் விளக்கினால் இரத்தம் நிற்காது. உன் எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். உனக்கும் எனக்கும் ஒரே இரத்தவகை, பி. தம்பிக்கு ஓ. அதனால் அவனை முந்திக்கொண்டு கட்டிலில் ஏறிக் கையை நீட்டியவள் நான். மறுநாள் நீ முகம் தெளிந்து உட்கார்ந்து, "அக்கா, உன்ரை ரத்தம் ஏறினதிலை இருந்து எனக்கும் உன்னைப்போலக் கோபம் வருது" என்றாய். சந்தியில் மீன் விற்கிறவள் முதல் கோயில் ஐயர்வரை எல்லோரிடமும் நான் அதைச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு விசா கிடைத்து நீ லண்டன் போனாய். கூடப்பிறந்தவர்களின் மச்சை பொருந்தினால் உனக்கு ஏற்றலாம் என்று அங்குள்ள டொக்டர்மார் சொன்னார்கள். என் இரத்தத்தையும் தம்பியின் இரத்தத்தையும் எடுத்து அனுப்பினோம். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை, பயணப் பெட்டிகூடத் துடைத்து வைத்துவிட்டேன். பொருந்தியது தம்பி. இரத்தவகை ஒன்றாக இருப்பது போதாதாம், பார்க்கவேண்டியது வேறொரு பொருத்தமாம். நான் துடைத்த பெட்டியோடு அவன் பிளேன் ஏறினான். "மூத்தவளுக்கு லண்டன் பார்க்கக் குடுத்து வைக்கேல்லை" என்று ஊர் கதைத்தது. லண்டன் யாருக்கு வேண்டும்? மச்சை எடுக்க அவன் இடுப்பெலும்பில் இறங்கப்போகிற அந்த ஊசிக்காகத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

நீ பிழைத்தாய். நகுலேசுவரருக்கு நான் வைத்த நேர்த்தியைக் கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டுச் செலுத்தினேன். அதற்குப் பிறகுதான் உன் கணவர் எழுதினார், உன் இரத்தவகை மாறிவிட்டது, இப்போது நீயும் தம்பியைப்போல ஓ என்று. அதை வாசித்த அன்று நான் சமைக்கவில்லை. உனக்குள் நான் ஊற்றியதெல்லாம் போய், அவனே நிறைந்துவிட்டான்.

அடுத்த ஆண்டு தம்பியோடு நீ ஊருக்கு வந்தாய். வாசலில் உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோல் தடித்துக் கறுத்திருந்தது, கண் வறண்டிருந்தது, மாத்திரையால் முகம் ஊதியிருந்தது. தம்பியின் மச்சை உனக்குள் நன்றாகத்தான் பிடித்ததாம். ஆனால் அதில் பிறந்த வெள்ளை அணுக்கள் உன் உடம்பை அந்நியம் என்று எண்ணித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குகின்றனவாம். 'பார், அவன் உன்னோடு சண்டை பிடிக்கிறான்' என்று என் மனம் சொல்லிக்கொண்டது. என் அணுக்களாக இருந்தால் இப்படிச் செய்யுமா என்று உன்னைப் பார்க்க வந்த டொக்டரிடம் கேட்டும்விட்டேன். "உங்கடை எண்டால் உதைவிட மோசமாய் அடிச்சிருக்கும், அம்மா" என்றார். அதற்குப் பிறகு அந்த மனுசனை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

வெயில் பட்டால் தோல் பொங்கும் என்று உன் அறை யன்னல்களைச் சாத்தியே வைத்தோம். கடற்கரை வெயிலில் வளர்ந்த உனக்கு வெயில் இல்லை, குடலும் சாப்பாட்டின் சத்தைப் பிடித்து வைக்கவில்லை. உன் இரத்தத்தில் டி விற்றமின் மிகவும் குறைந்துவிட்டது, எலும்பு மெலிகிறது என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். இதற்கு மருந்து என் கையில் அல்லவா இருக்கிறது! சுறா எண்ணெயை ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தேன். வாசலில் தம்பி மறித்தான்.

"பெரியக்கா, உதைக் குடுக்கக் கூடாது."

"ஏன்ரா? டி விற்றமின்தானே குறைவாம்?"

"ஓம். ஆனால் உதிலை ஏ விற்றமினும் கனக்க இருக்கு. கூடினால் சின்னக்காவின்ரை ஈரல் தாங்காது. அளந்த மருந்துதான் குடுக்கலாம் எண்டு லண்டன் டொக்டர்மார் எனக்குச் சொன்னவை."

எனக்குச் சொன்னவை! உன் ஈரலைப் பற்றிப் பேசவும் இப்போது அவனுக்குத்தான் உரிமை. நான் கிண்ணத்தோடு நின்று கத்தினேன். நீ படுக்கையிலிருந்தபடி என்னைக் கூப்பிட்டாய். கரண்டியில் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், முகத்தைச் சுளித்தாய். பிறகு அந்தக் கரண்டியை என் பக்கம் நீட்டினாய்.

"இந்தா, என்ரை பங்கை நீயே குடி, அக்கா."

குடித்தேன். தம்பி பார்த்துக்கொண்டு நிற்கும்போதே குடித்தேன்.

அந்த மாரியில் உனக்கு இருமல் பிடித்தது. வீட்டில் எல்லோருக்கும் வந்து எல்லோருக்கும் போன இருமல்தான். உனக்குப் போகவில்லை. மாத்திரைகளும் அந்த நோயும் சேர்ந்து, கிருமியை எதிர்க்கிற சக்தி உனக்குள் இல்லாமல் போயிருந்தது. சளி நெஞ்சில் இறங்கி, இரத்தமும் குறைந்தது. ஆஸ்பத்திரியில் நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். "உங்கடை ரத்தம் இப்ப அவவுக்குச் சரிவராது" என்று நேர்ஸ் பிள்ளை என்னை விலத்திவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். முன்பு நான் படுத்த அதே கட்டிலில் அவன் படுத்தான். நான் சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். நீ பிழைக்கமாட்டாய் என்ற பயத்தில் பாதி, அவன் மேலிருந்த எரிச்சலில் பாதி. அந்த இரத்தமும் உன்னைக் காப்பாற்றவில்லை. கீரிமலையில் உன் அந்தியேட்டிச் சடங்கன்று லண்டனிலிருந்து வந்த உன் கணவர் கடமை செய்ய, தம்பி பக்கத்தில் நின்றான். நான் பெண்களோடு தள்ளி நின்றேன்.

இன்று போத்தலின் தக்கையைக் கத்தியால் கெம்பித் திறக்கும்போது தம்பி பெருவிரலை வெட்டிக்கொண்டான். குசினி நிலத்தில் இரத்தம் சொட்டியது. நான் ஓடிப்போய் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்தேன். விட மனம் வரவில்லை.

"ஒண்டுமில்லை பெரியக்கா, சின்னக் காயம்."

"நீ பேசாதை. உது அவளின்ரை ரத்தமடா. அவள் உனக்குள்ளை இன்னும் ஓடித் திரியிறாள். எனக்குள்ளை என்ன இருக்கு?"

அவன் விரலை இழுக்காமலே சொன்னான்.

"எனக்குள்ளை சின்னக்காவின்ரை ஒண்டுமில்லை. என்ரைதான் அவவுக்குள்ளை இருந்தது, அது அவவோடை எரிஞ்சு போச்சு. நான் பிறக்கமுந்தி நீங்கள் ரெண்டுபேரும் ஒரு பாயிலை படுத்து வளந்தனீங்கள். லண்டனிலையும் அவ அதைத்தான் கதைப்பா. கேட்க எனக்கு எவ்வளவு எரிச்சலாய் இருக்கும், தெரியுமே?"

நான் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நன்றாக எரியட்டும் என்றுதான் தோன்றியது. அந்தப் பாய் எனக்கும் உனக்கும் உரியது, அதில் அவனுக்குப் பங்கு கிடையாது.

காயத்தைக் கட்டிவிட்டு இரண்டு கரண்டியிலும் எண்ணெய் ஊற்றினேன். "வாயைத் திற" என்றேன். மீசை வைத்த அந்த ஆம்பிளை சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்து குடித்துவிட்டு, மற்றக் கரண்டிக்கும் கையை நீட்டினான்.

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். உன் பங்கை நானே குடித்தேன்.