சூடேறாத பாலிதீன் கவர்

மகள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து நேற்றுக் குழம்பை எடுத்தேன். குழம்பில் ஆவி பறந்தது; பிளாஸ்டிக் டப்பாவின் விளிம்போ கையைச் சுடவில்லை. உன் நினைப்பு வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் பால்கோவாக் கடை இலையை விட்டுப் பாலிதீன் கவருக்கு மாறிய மறு வருஷம் உன் பசு செத்தது. மாட்டு டாக்டர் வயிற்றைக் கிழித்துக் கவர் கவராக எடுத்துப் போட்டார். உன் கடைப் பெயர் அச்சடித்தவையும் அதில் கிடந்தன. "நம்ம மாட்ட நாமளே கொன்னுட்டோம்லே" என்று அழுதாய். திரும்ப இலைக்கு மாறிப் பார்த்தாய். வெளியூர்க்காரர்கள் கவர்தான் கேட்டார்கள்.

உன் சிநேகிதன் நான் ராஜபாளையம் கல்லூரியில் வேதியியல் வாத்தியார் இல்லையா, கவரை ஒழிக்க வழி கேட்டு என்னைப் பிடித்துக்கொண்டாய். பிளாஸ்டிக்கை உடைத்தால் எண்ணெயும் மெழுகும் கிடைக்கும் என்று நானும் வாய்க்கொழுப்பில் சொல்லிவைத்தேன். "எரிச்சா பொகைதான வருது, பொறவு எப்படி ஒடைக்க?" என்றாய். உன் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த மைக்ரோவேவ் அடுப்பைக் கைகாட்டினேன். அது எதையும் சூடாக்கிவிடும் என்றுதான் நான் நம்பினேன்.

பூசைப் பாத்திரம் விளக்குவது போல நீ கவர்களைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து எடுத்து வந்தாய். செத்த நேரம் ஓடவிட்டோம். கவர்கள் சுருங்கக்கூட இல்லை. கழுவாத ஒன்று தவறி உள்ளே போயிருந்தது; அதில் கோவா ஒட்டிய இடத்தில் மட்டும் பொத்தல்.

"இங்க மட்டும் ஏன்லே ஓட்டை?"

"கோவால ஈரம் இருக்குல்லா, அதான்" என்று சொல்லி அடுப்பை அணைத்தேன். விடை என் வாயிலிருந்தே வந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஓர் ஆய்விதழில் படித்தேன். பாலிதீன் மைக்ரோவேவ் அலைகளை உறிஞ்சாது; ஈரம்தான் உறிஞ்சும். ஈரம் போலவே உறிஞ்சக்கூடிய கரித்தூளைக் கலந்து, காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால், கரி சூடேறிப் பிளாஸ்டிக்கை எண்ணெயாகவும் மெழுகாகவும் உடைத்துவிடும். அப்போது நீ மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அடுத்த பஸ்ஸில் வந்து மூச்சுவிடாமல் சொன்னேன்.

"நம்ம ஊர்ல செய்ய முடியுமா?"

அதற்கான கலன் இல்லை, ஆவியைப் பிடித்துக் குளிர்விக்க வசதியில்லை. "இப்ப முடியாது" என்றேன்.

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். "அப்ப எதுக்குலே வந்து சொன்ன?"

நாலாம் நாள் போய்விட்டாய். உன் மனசு ஆறட்டும் என்றுதான் வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். பொய். விடை தெரிந்துவிட்ட பெருமை தாங்காமல் ஓடிவந்தேன். நீ சாகக் கிடக்கிறாய் என்பது, உன் கட்டிலருகே நின்று பேசி முடிக்கும்வரை எனக்கு ஞாபகமே இல்லை.