கப்பல் வரும்வரைக்கும் போட்ட ஜாயிண்ட்

ஹேடோ,
வியாழக்கிழமை

அன்பு மகள் சுபிதாவுக்கு,

மாதா துணையில் நானும் அப்பாவும் சுகம், உனக்கும் நாகர்கோவிலில் காய்ச்சல் சளி ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பா செவ்வாய்க்கிழமை போட்டில் போனவர், சனிக்கிழமைதான் கரைக்கு வருவார். நைட் டூட்டி முடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாய் என்று உன் ரூம்மேட் சொன்னாள், அது நல்லதில்லை, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் படு. ஃபோன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஃபோனில் உன் குரலைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான். லைப்ரரியில் எடுத்த புத்தகம் நாலு நாளாக ஒரே பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன்.

எங்கள் ஐஸ் பிளாண்டில் கம்ப்ரஸர் மோட்டார் எரிந்துபோய், வேறு மோட்டார் மாற்றினோம் இல்லையா, அந்த வேலைதான் இதற்கெல்லாம் காரணம். என்னை அக்கா முறையில் தீதி என்பானே, அந்தக் காண்ட்ராக்ட் பையன் சுரேந்திரன் மோட்டாரைத் தூக்கி உட்கார வைத்து, போல்ட் முடுக்கி, லாக் புக்கில் தன் பெயரை எழுதிவிட்டு ஷிஃப்ட் முடிந்து போய்விட்டான். கேபிளைச் சேர்த்தது நான். புது மோட்டாரிலிருந்து வருகிற ஒயர் சுண்டுவிரலைவிட மெல்லிசு, சுவரிலிருந்து வருகிற கேபிள் கட்டைவிரல் தடிமன். ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் லக், அதாவது ஒயர் நுனியில் மாட்டி நசுக்குகிற செம்புக் குழல், போட்டு இரண்டு லக்கையும் போல்ட்டால் இறுக்க வேண்டும். மெல்லிசு ஒயருக்கான லக் ஸ்டோரில் இல்லை. மானேஜர் பக்தவத்சலம் சாரிடம் கேட்டேன், மெயின்லேண்டிலிருந்து வெள்ளிக்கிழமை ஜஹாஸ் வருது, அதுவரைக்கும் ஏதாவது பண்ணுங்க, சலேகா என்றார். ஓடும், இது போதும் என்கிற அந்த ஒரு வார்த்தையில்தானே இந்தத் தீவில் பாதி வேலை நடக்கிறது. நானும் மெல்லிசு ஒயரை இரண்டாக மடக்கி, மிச்ச இடத்தில் வேறு ஒயரின் செம்பு இழைகளைத் திணித்து, பெரிய லக்கிலேயே வைத்து நசுக்கினேன். பிறகு போல்ட் முனை குத்தாமல் டேப்பை மெத்தை மாதிரி மடித்து வைத்து, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துப் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப்பும் சுற்றினேன். மூன்று ஜாயிண்டும் பார்க்க அவ்வளவு நேர்த்தி. லாக் புக்கில் ஒரு வரி எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பலும் வந்தது, லக்கும் வந்தது. அன்றைக்கென்று போட்டெல்லாம் மீனோடு வந்து ஐஸுக்கு நின்றதால் மோட்டாரை நிறுத்த முடியவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அந்த டேப்பை அழகாகச் சுற்றி முடித்ததுமே உள்ளே இருப்பது எனக்கே மறந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜாயிண்ட் மோட்டார் அதிர்வில் தளர்ந்து, சூடேறிப் புகைந்தது. டூட்டியில் இருந்த சுரேந்திரன் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு ஜாயிண்ட் இருக்கிற பெட்டியின் மூடியைக் கழற்றினான், உருகின டேப் பட்டு அவனுக்கு இரண்டு விரல் வெந்துவிட்டது.

திங்கட்கிழமை மானேஜர் எல்லோர் முன்னாலும் சுரேந்திரனிடம், லாக் புக்ல உன் பேருதானே இருக்கு, காண்ட்ராக்ட் ஆளுங்களே இப்படித்தான், இந்த மாசத்தோட கிளம்பு என்றார். மோட்டாரை வச்சது நான், கேபிள் நான் இல்ல சார் என்றான். அப்ப யாரு, பூதமா என்று அவர் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பேர் தெரியாது சார் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்து நின்றான். நான் கையில் ஸ்பானரோடு மூன்றடி தள்ளி நின்றேன் சுபி. வாய் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, நேற்றும் வரவில்லை.

இன்று காலையில் போய்ச் சொன்னேன். மானேஜர், நீங்களா மேடம், லக் இல்லாம நீங்கதான் என்ன பண்ணுவீங்க, விடுங்க, டீ குடிங்க என்றார். அவனுக்கு வேலை போகும், எனக்கு டீ. டீயைத் தொடாமல், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டு, அவனை அனுப்ப மாட்டோம் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

நேராக மோட்டாரிடம் போனேன். சுரேந்திரன் கட்டுப்போட்ட விரலை நீட்டி வைத்துக்கொண்டு புது லக்கை நசுக்கிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டேன், நான்தான் செய்தேன் என்றேன். தெரியும் தீதி, இந்தப் பிளாண்ட்ல இவ்ளோ அழகா டேப் சுத்த வேற யாரு இருக்கா, மூடியைக் கழட்டினப்பவே தெரியும் என்றான். பிறகு ஏண்டா சொல்லவில்லை என்றேன். வேலையை விட்டு நிமிரவில்லை. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன், திங்கக்கிழமையே சொல்லுவீங்கன்னு இருந்தேன் என்றான்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சனிக்கிழமை நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், நீ பார்க்கிற நோயாளிகள் நல்லபடி வீடு போகட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன் அம்மா,
கிரேசி அருள்நாதன்