ஆளுக்கு இடம் விடாத மலைகள்

நேற்று ஸ்காபரோவில் இருக்கிற நம் வெக்ஸ்போர்ட் ஸ்ரூடியோவுக்கு ஒரு தாய் வந்திருந்தாள். மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டு அல்பத்துக்குப் பின்னணி தெரிவு செய்ய வேண்டும். கொம்பியூட்டரில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனேன். தாஜ்மகால் வேண்டாம், நயாகரா எல்லாரும் வைத்துவிட்டார்கள் என்றாள். அடுத்ததாக, மேகம் கவிழ்ந்த ஒரு கரிய மலை வந்தது. நீ ஸ்கொட்லாந்துத் தீவில் எடுத்த மலை. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

“உது என்ன படம் அண்ணை? பிள்ளையை எங்க விடுறது? நடுவில இடமே இல்லையே.”

 அதே கேள்வியோடுதான் அந்தத் தீவு முழுக்க நான் உன் பின்னால் திரிந்தேன்.

நம் தொழிலுக்கு விதி வைத்தவனே நீதான். பின்னணிக்குப் போகிற படமென்றால் நடுவை வெறுமையாக விடவேண்டும். மண்டபத்தில் நாங்கள் லைற் பிடிப்பது இடப்பக்கம் என்பதால், மலைக்கும் இடப்பக்கத்திலிருந்தே வெளிச்சம் விழவேண்டும். “மலையும் கோட்டையும் சும்மா சோடினை. ராசாத்தி பிறகு வருவா, அவவுக்கு இடம் பிடிச்சு வை” என்பாய். எத்தனை ராசாத்திகளை நாம் இரண்டு பேரும் சுவிஸ் பனியிலும் இங்கிலாந்துக் கோட்டை வாசலிலும் கொண்டுபோய் ஒட்டியிருப்போம்!

படமெடுக்கக் கல்யாணம் இல்லாவிட்டால் மொன்றியலுக்கே போகாதவன் நீ. திடீரென்று ஒருநாள், “எல்லாரும் இன்ரநெற்றில இருந்த அதே கோட்டையைத்தான் ஒட்டுறாங்கள். நாங்கள் போய் உண்மையான கோட்டையளை எடுத்துக்கொண்டு வருவம் மச்சான்” என்றாய். அப்போதே எனக்கு ஏதோ மணந்தது. அந்த மாதம் முழுக்க உனக்குப் பிறம்ரன் நகரில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறவனிடமிருந்து போன் வந்துகொண்டிருந்தது. மணி அடித்ததும் நீ வெளியே கார்கள் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவாய். குளிரில் நின்று கதைக்கிற அளவுக்கு என்ன கதை? என்னை விட்டுவிட்டு அவனிடம் போகப்போகிறாய் என்று நினைத்தேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் நானும் பெட்டி கட்டினேன். கோட்டை பார்க்க அல்ல.

ஸ்கொட்லாந்துக்குப் போனபிறகும் எனக்கு ஒன்றிலும் நம்பிக்கை வரவில்லை. கார்களை ஏற்றிக்கொண்டு போகும் கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டதுகூடச் சந்தேகமாக இருந்தது. நாம் தங்கிய வீட்டுக்காரி அளவுக்கு மிஞ்சிச் சிரித்தாள். காலைச் சாப்பாட்டில் கறுப்பாக வட்டமாக ஒன்றை வைத்தாள். இரத்தத்தில் செய்தது என்று நீ சொன்னதும் நான் தட்டைத் தள்ளினேன். நீ என்னுடையதையும் சேர்த்துத் தின்றுவிட்டு, “உனக்குச் சோத்திலயும் சந்தேகம்” என்றாய்.

முதலில் நீயும் விதிப்படியேதான் எடுத்தாய். கோட்டை ஒரு பக்கம், மலை தள்ளி, நடுவில் ஆளுக்கு இடம். பிறகு மெல்ல மாறினாய். ஒரு வளைவில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாய். நான் உன் தோளுக்கு மேலால் கமராத் திரையை எட்டிப் பார்த்தேன். கரை முதல் கரை வரை மலை அடைத்துக்கொண்டு நின்றது. நீ திரையைக் கையால் மறைத்தாய்.

“இதுக்குள்ள பொம்பிளையை எங்க விடுறது?”

“விடாதை.”

“அப்ப ஆருக்கு எடுக்கிறாய்?”

“மலைக்கு.”

மலைக்காம்! பிறம்ரன்காரன் வீட்டுச் சுவரில் மாட்டுகிற பெரிய படங்கள் விற்கத் தொடங்கியிருந்தான். அவனுக்குத்தான் ஆளில்லாத மலை வேண்டும். எல்லாம் சரியாகப் பொருந்தியது. அன்று முழுக்க உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மறுநாள் விடியும்போது நீ கட்டிலில் இல்லை. குளிர் அங்கியை மாட்டிக்கொண்டு தேடி வந்தேன். கடலோரம் இடிந்த கோட்டைக்கு முன்னால் ட்ரைபோட்டை ஊன்றியிருந்தாய். தூறல் படாமல் கமராவுக்கு ஸ்காபரோத் தமிழ்க்கடைப் பையைக் கட்டியிருந்தாய். யாரோடாவது போனில் கதைக்கிறாயா என்றுதான் முதலில் பார்த்தேன். கதைக்கவில்லை.

“வந்திட்டியோ? போய் உந்தச் சுவருக்கு முன்னால நில்லு. ஒரு படம் எடுக்கிறன்.”

“ஏன்?”

“சும்மா நில்லடாப்பா.”

நான் நிற்கவில்லை. விட்டுவிட்டுப் போகிறவன்தான் கடைசியில் ஒரு படம் எடுத்துக் கையில் தந்துவிட்டுப் போவான் என்று மனம் சொன்னது.  “நீ நிண்டாலும் ஒண்டு, நிக்காட்டிலும் ஒண்டு” என்று சொல்லிக் கமராவை அழுத்தினாய்.

திரும்பி வந்தோம். நீ எங்கும் போகவில்லை. போகாததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. பிறகு வந்த சாமத்தியவீடுகளிலும் கல்யாணங்களிலும் உன் பக்கத்திலேயே நின்று உன்னைக் கவனித்தேன். கவனித்துக்கொண்டிருக்கும்போதே, போன மாரிக் குளிரில், ஒரு மண்டபத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாய். பிறகு நீ எழும்பவில்லை.

உன் மகள் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். “அங்கிள், அப்பாட நல்ல ஃபொட்டோ ஒண்டுமே இல்லை. எல்லாத்திலயும் அவர் கமராவுக்குப் பின்னால. செத்தவீட்டில பெட்டிக்குப் பக்கத்தில வைக்க ஒண்டு வேணும். அந்த ஸ்கொட்லாந்து மௌண்டனுக்கு முன்னால அப்பாவை வையுங்கோ, ப்ளீஸ். எப்பவும் அதைத்தான் கதைப்பார்” என்றாள்.

ஊரெல்லாம் படம் எடுத்த நமக்கு நம் படம் இல்லை. யாரோ ஒரு மாப்பிள்ளையின் அல்ப மூலையில் லைற்றைப் பிடித்தபடி நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அங்கிருந்து உன்னை வெட்டி எடுத்தேன். உன் மலைகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் நீ கொள்ளவில்லை. எங்கே வைத்தாலும் யாரோ வழியை மறித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

கடைசியாகக் கோட்டைப் படம் வந்தது. கோட்டை வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து. நடுவில், சுவருக்கு முன்னால், சரியாக ஓராள் நிற்கிற வெறுமை. நான் வரமாட்டேன் என்று தெரிந்தும் நீ எனக்காக விட்ட இடம். உன்னைத் தூக்கி அதில் வைத்தேன். வெட்டின கோடுகூடத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டு அழுதேன்.

செத்தவீட்டில் ஒருவர் படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, “உது ஒட்டினதோ?” என்று என்னிடம் கேட்டார். “இல்லை. அவன் அங்க நிண்டவன்” என்றேன். பிறம்ரன்காரனும் வந்திருந்தான். “எத்தினை தரம் கூப்பிட்டனான் அண்ணை. ‘நான் வந்தா அவன் தனிச்சுப்போவான்’ எண்டு சொல்லிப்போட்டார்” என்றான். செத்தவீட்டில் எல்லாரும் நல்லதைத்தான் சொல்லுவார்கள். நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் அதை ஒருநாளைக்கு ஒருதரமாவது நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இப்போது என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள், “அண்ணை, நீங்களும் ஒருக்கா வந்து நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்” என்று கூப்பிடுவார்கள். “ஏன்?” என்றுதான் இன்னமும் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே போய் நின்றுவிடுகிறேன். நடுவுக்கு வரச்சொல்லிக் கத்துகிறார்கள். நான் வருவதில்லை. பக்கத்தில் உனக்கு இடம் வேண்டும்.