அப்பா முகத்துல பரு

கண்ணா,

இங்க நாங்க நல்லா இருக்கோம், வழக்கத்துக்கு எழுதுறது இல்ல, நிஜமாவே நல்லா இருக்கோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருப்பேன்னு நம்புறேன். அன்னைக்கு நீ போன்ல கத்தினதுக்கு இப்பதான் நிதானமா பதில் எழுத முடியுது. நுரையீரல்ல புற்றுநோய்னு தெரிஞ்சும் கீமோ ஆரம்பிக்காம ஏன் உட்கார்ந்திருக்கீங்கன்னு நீ கேட்டே, உன் சித்தப்பா வீட்டுக்கே வந்து, என்ன அண்ணி இது பிடிவாதம்னு குதிச்சார். எடுத்த சதைத்துண்டை எந்த மருந்து கேட்கும்னு பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கு, முடிவு வரட்டும், அதுவரைக்கும் தாங்கும்னு டாக்டரம்மா சொன்னதை நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். வெளியிலதான் தைரியம், அப்பா இருமும்போதெல்லாம் காதுல விழக் கூடாதுன்னு மிக்ஸியை ஓட விட்டேன், உனக்கு மட்டும் சொல்றேன்.

முடிவு வந்துச்சு. ஒரு செல் வளரணும்னா வெளியிலேர்ந்து அதுக்குச் சேதி வரணுமாம், மேல இருக்கிற ஒரு புரதம் அதை வாங்கி உள்ளே ஒண்ணுகிட்டேருந்து ஒண்ணுக்குக் கைமாத்தி விடுமாம். அப்பாவோட கட்டியில அந்தப் புரதம் கெட்டுப்போய், யாரும் சொல்லாமலே வளரு வளருன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. அதோட வாயை அடைக்க மாத்திரை இருக்கு, இப்ப கீமோ வேண்டாம்னாங்க. உடனே உங்கப்பா என்னைப் பார்த்துட்டு, எங்க வீட்டம்மாவுக்கும் சேர்த்து ரெண்டா எழுதுங்கன்னார். டாக்டரம்மா சிரிச்சாங்க, நான் முறைச்சேன், ஆனா அவர் கிண்டல் பண்ணிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

மாத்திரை ஆரம்பிச்சுச் சில வாரம் ஆச்சு, இப்ப மூச்சு வாங்காம மாடி ஏறுறார். ஸ்கேன்ல கட்டி பாதிக்கு மேல சுருங்கியிருக்கு. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பழையபடி பக்கத்து சீட்டுல உட்கார்ந்து கிளட்ச் கிளட்ச்னு அலறுறார். ஒரே தொல்லை, முகமெல்லாம் பரு, மருந்து பண்ற வேலை. கண்ணாடி முன்னாடி நின்னு களிம்பு பூசுற அழகுக்குக் காலேஜ் பையன் தோத்தான். நாளாவட்டத்துல கட்டி வேற வழியில சேதி அனுப்பக் கத்துக்கலாம்னும் சொல்லியிருக்காங்க. கத்துக்கட்டும், அப்ப மறுபடி பரிசோதிச்சு அந்த வழியையும் ஒரு கை பார்ப்போம். நீ வேலையை விட்டுட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வந்து அவரோட சண்டை போடு.

இது அவர் பிறவியிலேயே கொண்டு வந்ததில்ல, அந்த நுரையீரல்ல நடுவுல ஏற்பட்டது, உனக்குக் கொடுத்திருக்க மாட்டார்னு டாக்டரம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்ல. தொடாதவருக்கே வந்துச்சேன்னு நீ அதைச் சாக்கா வச்சுக்காதே. போன தடவை உன் கோட்டைத் துவைக்கப் போட்டவ நான், உள்பையில இருந்த பெட்டியைப் பத்தி அவர்கிட்ட இன்னும் வாய் திறக்கல. விட்டுட்டேன் அம்மான்னு ஒரு வரி எழுதிப் போடு.

நெஞ்சு நிறைய நல்ல மூச்சு இழுத்து நீ நெடுநாள் வாழணும்.

உன் அம்மா