என் தலைக்கு வாங்கிய மருந்து

பிப்ரவரி 3, 2025

நான் வேலை பார்க்கும் ஷோரூமில் வண்டி எடுக்க வந்தவரிடம் எனக்கும் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னேன். "எந்தக் காலேஜ்ல படிக்குது?" என்றார். பாப்பாவுக்கு நாலு மாதம். எனக்கு முப்பத்தொன்று.

சாவி கொடுக்கும்போது எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நெற்றி மேலே ஏறி, நடுவில் ஒரு கொத்து மட்டும் நிற்கிறது. எப்போது இப்படி ஆனது?

பிப்ரவரி 6

யூடியூபில் ஒருவர் லோஷன் என்கிறார். ஒருவர் மாத்திரை. இன்னொருவர் நம் ரத்தத்தையே எடுத்து நம் தலையில் ஊசி போடச் சொல்கிறார். லேசர் தொப்பி வேறு. எது சரி?

என்னோடு வேலை பார்க்கும் அழகுபாண்டி, "டாக்டரெல்லாம் எதுக்கு மாப்ள? மெடிக்கல்ல மினாக்ஸிடில்னு கேளு. காலைல ஒருக்கா, ராத்திரி ஒருக்கா. அம்புட்டுத்தேன்" என்றான். அந்த லோஷனை வாங்கிவிட்டேன். உள்ளே இருந்த தாளில் எழுத்து எறும்பு மாதிரி. படிக்கவில்லை. மனைவி முத்துமீனாவிடம் சொல்லக் கூச்சம். பாத்ரூம் பரண் மேல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 2

முளைக்க மருந்து போட்டால் கொட்டுகிறது! தலையணை முழுக்க முடி. "மொதல்ல கொட்டும், பெறகுதேன் மொளைக்கும்" என்கிறான் அழகுபாண்டி. நிறுத்தவா? தொடரவா?

மார்ச் 3

தொடர்கிறேன்.

ஏப்ரல் 13

பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த முத்துமீனா கூப்பிட்டாள். பாப்பாவின் நெற்றியோரம், கன்னம், முதுகு எல்லாம் மெல்லிய கறுப்பு முடி. "போன மாசம் இது இல்லீங்க."

மாமியார் பாசிப்பயறு மாவு தேய்க்கச் சொன்னார்.

ஏப்ரல் 29

மாவுக்குப் போகவில்லை. இன்னும் அடர்த்தி. "அப்பன் வழியா, ஆத்தா வழியா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்களாம். முத்துமீனா அவள் குடும்பத்துப் பழைய ஆல்பங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள்.

குழந்தை டாக்டர் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். சுரப்பியில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவாம்.

கட்டியா? இம்புட்டூண்டுப் பிள்ளைக்கா?

மே 3

கட்டி இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. அப்புறம் எப்படி?

டாக்டர் கொஞ்ச நேரம் என் தலையைப் பார்த்தார். "வீட்ல யாராச்சும் முடி வளர லோஷன் போடுறீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் முத்துமீனா.

"நான் போடுறேன்" என்றேன்.

பாப்பாவை எப்படித் தூக்குவேன் என்று கேட்டார். காலையில் லோஷன் தேய்த்த கையோடுதான். என் நெற்றிப்பொட்டில் கன்னத்தை அழுத்தி வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவாள். சொல்லச் சொல்ல எனக்கே புரிந்தது.

"மொதல்ல அத நிப்பாட்டுங்க. சில மாசத்துல தானா உதிர்ந்துரும். இந்த மருந்து இதயத்தையும் பாதிக்கலாம், ஆனா பாப்பாவுக்குத் துடிப்பெல்லாம் நல்லா இருக்கு, பயப்படாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் முத்துமீனா கேட்டாள். "எங்க குடும்பத்துல யாருக்கு இருந்துச்சுன்னு நான் தேடிக்கிட்டுக் கெடந்தேனே. பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? லோஷன் போடுறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அதனால்தான் என்று எனக்கும் தெரியாது என்றேன். அது பதிலே இல்லை.

மே 4

மருந்தைக் கொட்டிவிட்டேன். என்ன மனுசன்டா நீ.

மே 20

தூக்கப் போனாலே, "கை கழுவுனீங்களா?" இப்போது எதுவும் போடுவதில்லை என்று சொல்லலாம். சொல்லவில்லை. கழுவிவிட்டு வந்து தூக்குகிறேன்.

ஜூன் 18

ஒருவழியாகத் தோல் டாக்டரைப் பார்த்தேன். "மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. நிப்பாட்டுனா வளந்ததும் போயிரும். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தா மொதல்லயே சொல்லிருங்க, மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி அது தெரியணும்" என்றார். யோசித்து வரச் சொன்னார். போகும்போது இருந்ததைவிடக் குழப்பம் அதிகம். அடுத்த குழந்தை பற்றி முத்துமீனாவிடம் எந்த வாயால் கேட்பது?

ஆகஸ்ட் 31

பாப்பாவின் கன்னமும் நெற்றியும் சுத்தமாகிவிட்டன. முதுகில் மட்டும் லேசாக இருக்கிறது. என் நெற்றி இன்னும் ஏறியிருக்கிறது. மாத்திரையா ஊசியா, இன்னும் முடிவு எடுக்கவில்லை.

முத்துமீனா இன்று தோழி ரோகிணியின் வளைகாப்புக்கு அலங்காநல்லூர் போனாள். மே மாதத்துக்குப் பிறகு பாப்பாவை என்னிடம் தனியாக விட்டுப் போனது இதுதான் முதல் முறை. இரண்டு தடவை போன் செய்தாள். முதல் தடவை, பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டாள். இரண்டாம் தடவை, நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள்.